கைக்கு வருமுன் கழியும் இறை

அரசனையும், அவனுக்குக் குடிகள் செலுத்தும் பொருளையும் 'இறை' என்னும் ஒரே சொல்லாற் சுட்டியது தமிழ். இறுத்தல் என்பது செலுத்துதல், இறுக்கப்படுவது இறை. நம் நாட்டில் வரி வாங்கும் அலுவலகத்துக்கும் 'உள்நாட்டு இறைவரித் திணைக்களம்' என்றே பெயர் அமைந்திருத்தலின், அப்பழஞ்சொல் இன்றும் அரசாங்கக் கடிதத் தலைப்பில் உயிருடன் உலவுகின்றது.

சொல் பழையதே, இறை கொள்ளும் முறைதான் மாறிவிட்டது. முற்காலத்தில் குடிமகன் விளைந்ததைத் தன் களத்திற் கண்ட பின்னரே அரசின் பங்கை அளந்தான். இக்காலத்தில் பொருள் அவன் கைக்கு வருமுன்னரே அரசின் பங்கு கழிந்துவிடுகின்றது. இதனை 'நிறுத்திவைத்தல் வரி' என்பர். மாதச் சம்பளம் பெறுவோர்க்கு இது புதிதன்று. ஆனால் நிலையான சம்பளமின்றி, கைப்பேசிச் செயலி காட்டும் வழியே வண்டி ஓட்டியும் உணவுப்பொதி சுமந்தும் பிழைக்கும் சுயதொழிலாளரிடமும் இவ்வாறே கழிக்கலாமா? பல நாடுகளில் எழுந்துள்ள இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தறியும் செயலியும்

சுயதொழில் செய்வோனிடம் வரி கொள்ளுதல் எக்காலத்து அரசுக்கும் எளிதாய் இருந்ததில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்னும் வரிப் பெயர்கள் வருதல் கற்றோர் அறிந்ததே. நெசவாளன் ஓராண்டில் எத்துணைப் பொருள் ஈட்டினான் என்பதை அரசின் கணக்கன் அறிவது அரிது. அவன் வீட்டில் எத்தனை தறி உண்டு என்பதையோ வாயிலில் நின்றே எண்ணிவிடலாம். எனவே கண்ணுக்குப் புலனான கருவியின்மேல் வரி விழுந்தது.

செயலி வந்தபின் இந்நிலை தலைகீழாயிற்று. முச்சக்கர வண்டி ஓடிய தூரமும், ஏறியவர் கொடுத்த கட்டணமும், நாளும் நாழிகையும் நிறுவனத்தின் கணக்கில் ஒன்றுவிடாமற் பதிகின்றன. பதியாதவை எவை? ஊற்றிய பெற்றோலும், தேய்ந்த டயரும், வண்டிக்குக் கட்டும் லீசிங் தவணையும், சவாரி கிடையாமல் மரநிழலிற் காத்திருந்த பொழுதுமே. அன்றைய அரசு தறியைக் கண்டது, வருவாயைக் காணவில்லை. இன்றைய அரசு வரவைக் காண்கின்றது, தறியைக் காணவில்லை. நம் வினாவின் முடிச்சு முழுவதும் இவ்விடத்திலேயே இருக்கின்றது.

பழைய முறையின் பயன்

மூலத்திலேயே கழித்தல் தீய முறை என்று எடுத்த எடுப்பில் தள்ளுதல் தகாது. பிரித்தானியாவில் 1799இல் வருமான வரி தோன்றியபோது ஒவ்வொருவரும் தம் வருமானத்தைத் தாமே சொல்ல வேண்டியிருந்தது. 1803இல் அடிங்டன் என்னும் பிரதமர், வாடகையும் வட்டியும் கொடுக்கப்படும் இடத்திலேயே வரியைப் பிடிக்கும் முறையைப் புகுத்தினார். வரி வீதம் நூற்றுக்குப் பத்திலிருந்து ஐந்தாகப் பாதியாயிற்று. கருவூலத்தின் வரவோ பாதியாகவில்லை. வாய்ச்சொல்லிலும் மூலம் நம்பத்தக்கது என்பதை அரசுகள் அன்று கற்றுக்கொண்டன. சம்பளத்திற் கழிக்கும் முறை அந்நாட்டில் 1944இல் முழுமை பெற்றது. இலங்கையில் வருமான வரி 1932இல் வந்தது.

செலுத்துவோனுக்கும் இதனால் ஒரு நன்மை உண்டு. நம் நாட்டில் சுயதொழிலாளர் தம் வரியை ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15ஆம் நாளுக்குள் தவணையாகக் கட்டுதல் வேண்டும். அன்றாடம் ஈட்டி அன்றாடம் செலவிடும் வீட்டில் மூன்று மாத வரியை ஒருங்கே எடுத்து வைத்தல் எளிதோ? சிறுகச் சிறுகக் கழிந்துவிடின் அச்சுமை தெரியாது. மேலும், ஆசிரியனின் சம்பளத்தில் தவறாது கழிக்கும் அரசு, அவனினும் மிகுதியாக ஈட்டும் ஒருவனைச் சுயதொழிலாளன் என்னும் பெயரால் விட்டுவிடின் அது நடுவுநிலைமை ஆகாது.

நம் நாட்டுச் சட்டம்

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, மாதம் 50,000 ரூபாயை மிஞ்சும் சேவைக் கட்டணங்களில் நூற்றுக்கு ஐந்து கழிக்கப்பட்டது. 2020 ஜனவரி 1இல் அது நீக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால், மாதம் ஓர் இலட்சம் ரூபாயை மிஞ்சும் கட்டணங்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் அதே ஐந்து வீதம் மீண்டும் வந்தது.

இப்பத்தியை வாசிக்கும் ஆசிரியர் பலர்க்கு இது ஏட்டுச் செய்தி அன்று. ஊழியர் அல்லாத ஒருவர் கற்பித்தல், விரிவுரையாற்றல், பரீட்சித்தல், பரீட்சை மேற்பார்வை ஆகியவற்றுக்குப் பெறும் கட்டணம் இந்நிரலில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, மென்பொருள் ஆக்குவோர் ஆகியோரும் பெயர் சுட்டப்பெற்றுள்ளனர். முச்சக்கர வண்டி ஓட்டுநர் அங்குப் பெயரால் இல்லை. ஆயினும் வேறு சேவை வழங்குநரைப் பின்னர்க் குறித்துச் சேர்ப்பதற்குச் சட்டம் வாயில் திறந்தே வைத்திருக்கின்றது. அவ்வாயில் வழியே அவர் உள்ளே அழைக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

சீனன்குடாவிலிருந்து திருகோணமலை நகர்க்கும் கிண்ணியாவுக்கும் வண்டி ஓட்டும் ஓர் இளைஞனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். செயலி வழியே அவனுக்கு மாதம் 1,20,000 ரூபாய் வரவு என்க. பெற்றோலுக்கு 45,000, நிறுவனத்தின் தரகுக்கும் லீசிங் தவணைக்கும் 30,000 போக, எஞ்சுவது 45,000. ஆண்டுக்கு 5,40,000. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் விடுதொகை ஆண்டுக்கு 18 இலட்சம் ஆதலின், அவன் கட்ட வேண்டிய வருமான வரி ஒரு சதமும் இல்லை. ஆனால் மொத்த வரவில் ஐந்து வீதம் கழித்தால் மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபாய் போய்விடும். அவன் மெய்யாக ஈட்டியதில் இது எட்டிலொரு பங்குக்கும் மேல்.

அதே 1,20,000 ரூபாயை விரிவுரைக் கட்டணமாகப் பெறும் ஒருவருக்குச் செலவு 10,000 என்று வைப்பின், அவர் இழக்கும் 6,000 ஏறத்தாழப் பதினெட்டிலொரு பங்கே. வேறொரு சம்பளமும் அவருக்கு இருக்குமாயின், அத்தொகை அவர் எப்படியும் கட்ட வேண்டிய வரியிற் சேர்ந்துவிடும். வீதம் ஒன்று; விழும் சுமையோ வேறு.

எண்ணெய் விலை ஏறும்போது இவ்வேற்றுமை இன்னும் விரியும். நம்மூரின் புகழ்பெற்ற 99 எண்ணெய்த் தாங்கிகளின் அருகே வாழ்ந்தாலும், பெற்றோலை நாடறிந்த விலைக்கே வாங்குகின்றோம். 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாயாயிற்று. அத்தகைய காலத்தில் ஓட்டுநன் கட்டணத்தை உயர்த்தினால் மொத்த வரவு பெருகும், அதனோடு கழிவும் பெருகும், இலாபமோ பெருகாது.

கழிந்ததை மீளக் கேட்கலாமே எனின், கேட்கலாம். ஏப்ரலிற் கழிந்த தொகைக்கு அடுத்த மார்ச் 31இல் ஆண்டு முடியும்வரை காத்திருந்து, வரி இலக்கம் பெற்று, விவரத்திரட்டு நிரப்பி விண்ணப்பித்தல் வேண்டும். 72,000 ரூபாயை வட்டியின்றி அரசுக்குக் கடன் கொடுத்துவிட்டு, தன் லீசிங் தவணையை வட்டிக்கு வாங்கிக் கட்டுவான் அவ்விளைஞன்.

பிறநாட்டு நடைமுறை

இந்தியாவில் வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவு 2020 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. மின்வணிகத் தளங்கள் தம் வழியே விற்போர்க்கும் சேவை புரிவோர்க்கும் உரிய மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்று கழித்தன; அடையாள இலக்கம் கொடுத்த தனிமனிதர்க்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் வரை விலக்கும் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அவ்வீதம் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. மெக்சிகோ 2020 ஜூன் 1இல் இம்முறையைத் தொடங்கி, பயணமும் உணவு விநியோகமும் செய்வோரிடம் 2021 முதல் 2.1 வீதம் கொண்டது. சிறு வருவாயினர் விரும்பின் அதனையே இறுதி வரியாகக் கொள்ளவும் அங்கு இடமுண்டு.

பிரித்தானியக் கட்டடத் தொழிலில் 1970களின் தொடக்கத்திலிருந்தே சுயதொழிலாளரிடம் மூலத்திற் கழித்து வருகின்றனர். பதிவு செய்தவரிடம் 20 வீதமும் பதியாதவரிடம் 30 வீதமும் என வீதம் பெரிதாயினும், கட்டடப் பொருள்களின் விலையை நீக்கிய பின்னரே கழிவு கணக்கிடப்படும். வரவையும் செலவையும் பிரித்தறிதல் மூலத்திலேயே கூடும் என்பதற்கு இதுவே சான்று.

யானையும் கவளமும்

இறை கொள்ளும் நெறியை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். புறநானூற்றின் 184ஆம் பாட்டில், பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் யானையை உவமையாக்கி அறிவுரை கூறினார். சிறு நிலத்து நெல்லும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் ஆகும். யானை தானே வயலிற் புகுந்தால் வாய் உண்டதினும் கால் மிதித்தது மிகும் என்பது அதன் கருத்து. 2019 ஜூலையில் இந்திய நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்த நிதியமைச்சரும் இப்பாட்டை எடுத்துரைத்தார்.

மூலத்திற் கழித்தல் தோற்றத்தில் கவளம் போன்றதே. சிறிது சிறிதாக உருட்டி ஊட்டப்படுவது. ஆயினும் கவளம் எதிலிருந்து உருட்டப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். அறுவடை நெல்லிலிருந்து எடுப்பது இறை. விதைநெல்லிலிருந்து எடுப்பது அழிவு. ஓட்டுநனுக்குப் பெற்றோற் காசு விதைநெல்.

ஆகவே, செயலிவழித் தொழிலாளரிடம் வரி பிடிக்க எண்ணும் அரசு மூன்றினைக் கருதுதல் நன்று. முதலாவது, செலவுக்கென ஒரு நியாயமான பங்கைக் கழித்து எஞ்சியதன் மேலேயே வீதத்தை இடுதல். அன்றேல் வீதத்தை மிகச் சிறிதாக்குதல். இரண்டாவது, விடுதொகைக்கு உட்பட்டோர் ஓர் உறுதிமொழி கொடுத்துக் கழிவிலிருந்து நீங்க வழி செய்தல். மூன்றாவது, மிகுதியாகப் பிடித்ததை, அது தமிழில் எளிதாய் நிரப்பத்தக்க ஒரு தாளாலோ செயலியாலோ, விரைந்து மீட்டுக் கொடுத்தல்.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. வணிகக் கல்வி வகுப்பில் மொத்த வரவும் தேறிய இலாபமும் வேறென்று கற்பிக்கின்றோம். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருட் சிலரின் தந்தையரும் தமையன்மாரும் வண்டி ஓட்டுவோரே. பெற்றோற் பற்றுச்சீட்டைக் கோத்து வைக்கவும், நாளேட்டில் வரவு செலவு குறிக்கவும் அம்மாணவர் தம் வீட்டில் இன்றே கற்றுக்கொடுப்பாராயின், நாளை சட்டம் எவ்வாறு அமைந்தாலும், செயலி காட்டாத தறியை அக்குறிப்பேடு காட்டிவிடும்.