உண்மைச் செய்தியும் ஏற்றிய பழியும்: ‘கொரோனா ஜிகாத்’ பதிவுகள்

தேசியவாதச் சமூக ஊடகப் பதிவு ஒன்று வாசகரைத் திசைதிருப்புகிறதா என்பதை, அதிலுள்ள செய்தி மெய்யா பொய்யா என்பதைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. 2020 மார்ச்சில் தில்லி நிசாமுதீனில் தப்லீக் ஜமாஅத் கூட்டம் நடந்ததும், பங்கேற்றோருள் பலருக்குத் தொற்று இருந்ததும் உண்மை. ‘கொரோனா ஜிகாத்’ என்னும் தொடர் அவ்வுண்மையின்மீது இரண்டை ஏற்றியது: ஒன்று, தொற்றுக்குப் பின்னே ஒரு சதி, மற்றொன்று, பங்கேற்றோரின் செயலுக்குச் சமூகம் முழுவதன் பொறுப்பு. இத்தருக்கப்படி, அரபுத்தமிழ் மரபு தழைத்த காயல்பட்டினத்தில் கூட்டத்திற்கே செல்லாதவரும் ஐயத்திற்குரியவர் ஆவார்.

தமிழக நலவாழ்வுத் துறையோ ‘ஒரே தொற்றுமூலம்’ எனப் பொருள்படும் தொடரைக் கையாண்டு, சமயப் பெயரின்றியே அதே செய்தியை உணர்த்தியது. 2020 ஆகஸ்டு 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுப் பங்கேற்பாளர்மீதான வழக்குகளை நீக்கி, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டிருக்கக்கூடும் எனக் குறித்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டம் கூட்டியதைக் கண்டிப்பது திறனாய்வு, அது திரிபன்று. பழிச்சொல்லை நீக்கியபின் பதிவின் முடிவு சான்றுகளால் மட்டும் நிற்குமா என்பதே உரிய அளவுகோல். ‘கொரோனா ஜிகாத்’ பதிவுகளின் முடிவு அவ்வாறு நிற்கவில்லை.