நன்னாரி வேரும் தனிக்குவளையும்: காட்டறிவு யாருடையது?



மே மாதம் பண்டிதரின் மாதம். அயோத்திதாசப் பண்டிதர் பிறந்தது 1845 மே 20. மறைந்தது 1914 மே 5. 'தமிழன்' இதழின் ஆசிரியராக, பௌத்த மீட்பாளராக அவரை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவர் என்றால் மூலிகை வேண்டும். மூலிகை என்றால் காடு. அந்தக் காட்டுக்குள் போய், இன்னது இது என்று கண்டு, தோண்டிச் சுமந்து வந்தவர்கள் யார்? அவர்கள் கையிலிருந்தது வெறும் உழைப்பா, அறிவா? இந்த நினைவு நாளில் நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

மே மாதம் சர்பத்தின் மாதமும்கூட. கத்தரி வெயிலில் ஊருக்கு ஊர் நன்னாரி சர்பத் விற்கிறது. மதுரை ஜிகர்தண்டாவிலும் அது கலந்திருக்கிறது. ஆகவே பொதுவாக மூலிகை என்று பேசாமல், நன்னாரி என்ற ஒரே ஒரு வேரைப் பின்தொடர்ந்து காட்டிலிருந்து குவளை வரை போய்ப் பார்ப்போம்.

கண்டுபிடிப்பது

செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்து மலையடிப் புதர்க்காடுகளில் நன்னாரி தானாக முளைக்கிறது. கம்பி போல மெலிந்த கொடி. தரையிலும் படரும், காரைச் செடி, சூரைமுள் போன்ற புதர்களில் சுற்றியும் ஏறும். இலைகள் எதிரெதிராக இருக்கும். கிள்ளினால் பால் கசியும். கரும்பச்சை இலையின் நடுநரம்பை ஒட்டி வெள்ளைக் கீற்று ஓடுவதுதான் கண்ணுக்கு முதலில் படும் அடையாளம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நன்னாரி இலைக்கு ஒரே வடிவம் கிடையாது. ஒரு கொடியில் புல்லைப் போல ஒடுங்கி நீண்டிருக்கும்; இன்னொன்றில் அகன்று முட்டை வடிவில் இருக்கும். வெள்ளைக் கீற்றும் சிலவற்றில் பளிச்சென்று இருக்கும், சிலவற்றில் மங்கிவிடும். புத்தகப் படத்தை வைத்துக்கொண்டு போகிறவர் பாதிக் கொடிகளைத் தவறவிடுவார். மீதியில் வேறு எதையாவது பிடுங்கி வருவார்.

ஏனென்றால் அதே புதரில் பால் வடியும் வேறு கொடிகளும் உண்டு. நஞ்சறுப்பான் அவற்றில் ஒன்று. இதற்கும் இலைகள் எதிரெதிர்தான், இதுவும் சுற்றிப் படர்வதுதான். ஆனால் இலை அகலம், வெள்ளைக் கீற்று இல்லை. வாந்தி எடுக்க வைப்பதற்கென்றே நாட்டு வைத்தியத்தில் பயன்படும் செடி அது. அதன் வேரை நன்னாரி என்று ஊறவைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பால்வள்ளி என்னும் கொடியும் உண்டு. அதைக் கருநன்னாரி என்றும் சொல்வார்கள். பெயரில் நன்னாரி இருந்தாலும் வேரில் அந்த மணம் இராது.

ஆகவே எங்கள் மூதாட்டிகளின் சோதனை மூக்கில் முடிகிறது. கொடி மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் கிளறி, வேரின் தோலை நகத்தால் சுரண்டி முகர வேண்டும். "மோந்து பாரு, வாசன வரலன்னா தொடாத, வுட்டுடு" என்பதுதான் பாடம். இலையில் ஐயம் வரலாம், மணத்தில் வராது. நன்னாரியின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருளை இன்று ஆய்வாளர்கள் 2-ஹைட்ராக்சி-4-மீத்தாக்சி பென்சால்டிஹைடு என்கிறார்கள். வனிலா மணத்தைத் தரும் வனிலினில் உள்ள அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் இதிலும் உண்டு. அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. அந்தப் பெயர் தெரியாமலேயே அந்தப் பொருளை அடையாளம் கண்ட கருவி எங்கள் கிழவிகளின் மூக்கு.

மணம் ஒன்று மட்டும் போதும் என்றும் இல்லை. மாகாளிக் கிழங்கிலும் இதே வேதிப்பொருள், இதே மணம். சந்தையில் நன்னாரி என்று விற்பதில் மாகாளியும் கலந்து வரும். பிரித்தறிவது கையின் வேலை. நன்னாரி வேர் மெலிந்து, நீண்டு, கட்டையாக, ஒடித்தால் நடுவில் நார்த்தண்டோடு இருக்கும். மாகாளி விரலைவிடப் பருத்து, சதைப்பற்றோடு, கொத்தாக வரும். மாகாளியும் நச்சுக் கிழங்கு அல்ல. மோரில் ஊறப்போட்டு ஊறுகாயாக உண்ணப்படுவதுதான். ஆனால் பாறைச் சரிவில் மெல்ல வளரும் அந்தக் கொடியை அடியோடு அகழ்ந்தெடுத்தால் அது திரும்புவதில்லை. அளவுக்கு மீறித் தோண்டியதால் அது இன்று அருகிவரும் தாவரமாகிவிட்டது.

தோண்டுவது

மழைக்காலம் முடிந்து மண் நெகிழ்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் வேர் எடுக்க ஏற்றவை. கோடையில் மண் இறுகிவிடும்; கடப்பாரை போட்டால் வேர் துண்டு துண்டாக அறுந்து வரும். வேர் நேர்கீழாகப் போகாமல் கற்களுக்கு இடையில் வளைந்து ஓடும். அது போகும் திசையைப் பார்த்துப் பக்கவாட்டில் மண்ணை விலக்கிக்கொண்டே போக வேண்டும்.

இருளர் பெண்கள் இதில் எங்களுக்கு ஆசான்கள். கொடியை அவர்கள் முழுதாகப் பிடுங்குவதில்லை. முற்றிய வேரை எடுத்துக்கொண்டு மெல்லிய வேரை மண்ணிலேயே விடுவார்கள். குழியை மூடிக் காலால் மிதித்துவிட்டே நகர்வார்கள். விட்ட வேரிலிருந்து நன்னாரி மறுபடி துளிர்க்கும். இந்த ஆண்டு தோண்டிய இடத்தை மறு ஆண்டு தொடமாட்டார்கள். அடுத்த முறையும் வேர் வேண்டும் என்பவருக்குத்தான் குழியை மூடத் தோன்றும்; எடைக்குக் காசு கொடுக்கும் தரகரின் அவசரத்துக்குத் தோன்றாது.

இங்கே எங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். விறகுக்கும் வேருக்கும் சேரியிலிருந்து காட்டுக்குப் போன எங்கள் பெண்கள் இந்த வித்தையை இருளர் பெண்களிடம் கற்றார்கள். கற்ற பிறகும் இருளர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கிய வழக்கம் எங்கள் தெருக்களில் இருந்தது. படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது இதைத்தான். மேலே இருப்பவனைக் கேள்வி கேட்கும் வாய், கீழே நிறுத்தப்பட்டவருக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும்.

பானமாவது

வேரை மண்போகக் கழுவி, கல்லில் வைத்துத் தட்டினால் தோல் தனியே கழன்று வரும். நடுத்தண்டில் மணமில்லை, அதை எறிந்துவிடலாம். தோலை நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கைப்பிடித் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் இளஞ்சூடாக்கி மூடிவைத்து வடிகட்டினால் செந்நிறச் சாறு கிடைக்கும். நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது. மணம் ஆவியோடு போய்விடும். பனைவெல்லமோ சர்க்கரையோ சேர்த்துப் பாகாக்கி, வேண்டும்போது தண்ணீரும் எலுமிச்சையும் கலந்தால் சர்பத். எங்கள் வீடுகளில் பாகு கிடையாது. மண்பானைத் தண்ணீரில் வேரைக் கட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான்.

உடல் சூடு, நீர்க்கடுப்பு ஆகியவற்றுக்கு இதைக் குடிப்பது வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறோம். எந்த வேரும் எல்லா நோயையும் தீர்க்காது. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உண்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் எந்தக் காட்டு வேரையும் குடிக்கக் கூடாது. நம் அறிவைப் போற்றுவதும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதும் வேறு வேறு.

குவளை

வேர் ஊருக்குள் போகிறது. அதைத் தோண்டிய கை தீட்டு. ஆனால் அந்தக் கை தோண்டி, கழுவி, தட்டிக் கொடுத்த வேர் தீட்டில்லை. அது கண்ணாடிக் குவளையில் சர்பத்தாகி ஊரார் உதட்டைத் தொடும். தோண்டியவர் அதே கடைக்கு வந்து நின்றால் கொட்டாங்குச்சி, அல்லது கூரையில் செருகிய தனிக்குவளை. குடித்துவிட்டுத் தானே கழுவிவைக்க வேண்டும்.

எங்களில் பலர் சிறுவயதில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். மலையடி ஊர் ஒன்றின் கடையில், தாங்கள் காலையில் இறக்கிய வேர்க்கட்டுக்கு எதிரிலேயே எங்கள் தாய்மார்கள் தள்ளி நின்று குடித்தார்கள். பின்னர் காகிதக் கோப்பை வந்தது. எல்லோருக்கும் ஒரே கோப்பை என்று நிம்மதி கொண்டோம். சில கடைகளில் எங்களுக்கு மட்டும் காகிதம், மற்றவர்களுக்குக் கண்ணாடி என்றபோது பழைய குவளை புதிய உருவில் வந்திருப்பது புரிந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அள்ளிக் குடித்தது தண்ணீர். அந்தக் கேள்வி சர்பத் கடை வரைக்கும் நீள்கிறது.

எழுதியதும் எழுதாததும்

குவளையில் நடந்ததுதான் சட்டத்திலும் நடக்கிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடு என்று கோடு போட்டது. அதன் பிறகு அனுமதியின்றி வேர் தோண்டியவர் குற்றவாளி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூலிகை, வேர், கிழங்கு ஆகியவற்றைச் சிறு வனப்பொருள் என்று பெயர் சொல்லி, சேகரிக்கும் உரிமையை வனவாழ் மக்களுக்குத் தந்தது. ஆனால் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டா கொடுக்கப்படாத சேரி 75 ஆண்டுக் காகிதத்துக்கு எங்கே போகும்? முதியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அதுவும் ஒரு சான்று என்று அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. இது பலருக்கும் தெரிவதில்லை.

அறிவுக்கும் இதே கதிதான். அகத்தியமலையில் வாழும் காணிக்காரர்களின் கதை பலரும் அறிந்தது. 1987இல் அவர்களோடு காட்டுக்குள் சென்ற கேரள ஆய்வாளர்கள், களைப்புத் தெரியாமல் நடக்க அவர்கள் ஒரு பழத்தை மென்றதைப் பார்த்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' என்னும் ஊட்டப்பொடி உருவானது. 1995இல் ஒரு கோவை மருந்து நிறுவனத்துக்கு உரிமம் போனது: 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கான அறக்கட்டளை பதிவானது. பலனைப் பங்கிட்டதற்கு உலகமே இதை எடுத்துக்காட்டாகச் சொன்னது. ஆனால் இலையை எடுக்க வனத்துறையின் தடை வந்தபோது, செடியைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கே அந்தச் செடிமேல் உரிமை இல்லை என்பது தெரிந்தது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், வணிகம் செய்பவர் அறிவின் உரிமையாளருக்குப் பங்கு தர வேண்டும் என்றது. 2023இல் வந்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துபவர்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. நன்னாரி பழைய மருத்துவ நூல்களில் இருக்கிறது. ஆகவே அது 'தொகுக்கப்பட்ட' அறிவு. எந்தப் புதரில் தேடுவது, எப்படி முகர்வது, எவ்வளவு வேரை விட்டுவைப்பது என்பவை நூலில் இல்லை. நம் மக்களின் கையில் இருக்கின்றன. எழுதியவருக்கு நூலும், தோண்டியவருக்குக் கூலியும் என்று பிரித்த பழைய கணக்கு புதிய சட்டத்தில் தொடர்கிறது.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். குழுவின் நியமன உறுப்பினர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 18 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று 2004ஆம் ஆண்டு விதிகள் கூறின. உங்கள் ஊராட்சியில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். நன்னாரி என்ற பெயருக்கு எதிரே தகவல் சொன்னவர் என்று யார் பெயர் இருக்கிறது?

இல்லையென்றால் நாமே எழுதுவோம். அடுத்த மார்கழியில் ஒவ்வொரு கிளையும் ஒரு மூதாட்டியையும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புதர்க்காட்டுக்குப் போகட்டும். பிடுங்க வேண்டாம், பார்த்து முகர்ந்து எழுதினால் போதும். செடியின் பெயர், இடம், மாதம், அடையாளம், அதைப் போலத் தோன்றும் வேறு செடி, சொன்னவர் பெயர். இருளரிடம் கற்றதை இருளர் பெயரிலேயே எழுத வேண்டும். விற்பனைக்கு உதவக்கூடிய நுணுக்கங்களை, சொன்னவரின் சம்மதமின்றி அச்சிடக் கூடாது.

ஒரு பைசா விலையில் இதழ் நடத்திய பண்டிதர், நம் மக்களின் வாய்மொழியில் இருந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தவர். அவர் விட்ட இடத்தில் நமக்கு வேலை மிச்சமிருக்கிறது. வேரைத் தோண்டிய கை அதன் பெயரையும் எழுதட்டும். ஒரே குவளையில் எல்லோரும் குடிக்கட்டும்.

ஜெய்பீம்.