முந்திக் கிளம்பும் அலைகள்

ஒரு கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு 3.3 மைக்ரோ விநாடி போதும். ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் மூன்றே சொச்சம். இந்த அற்ப நேரம்தான் சிம்பாங் அம்பாட் டோல் பக்கம் ஓடும் ஒவ்வொரு கைத்தொலைபேசியையும் விடாமல் கணக்குப் போட வைக்கிறது.

அந்த வட்டாரத்தில் ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். டோல் சாவடியில் இருப்பவர், நெடுஞ்சாலையில் பறப்பவர், செம்பனைத் தோட்டத்துக்குள் லோரியில் காத்திருப்பவர் என எல்லாரும் அதன் வழியாகவே பேசுகிறார்கள். மலேசியாவில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் தொடங்கியது. அதன் முக்கிய அலைவரிசையான 3.5 கிகாஹெர்ட்ஸில் வழக்கமாக 30 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள மெல்லிய பட்டைகளாக அலையைப் பிரித்துப் பல போன்களுக்குப் பங்கு போடுகிறார்கள். பட்டைகளுக்கு நடுவே காவல் இடைவெளி எதுவும் கிடையாது. எல்லாப் போன்களின் அலையும் கோபுரத்தில் ஒன்றாக வந்து இறங்கினால்தான் பட்டைகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும். 2.3 மைக்ரோ விநாடி வரை முன்பின் ஆனால் தாங்கும். அதற்கு மேல் தாமதித்து வருகிற அலை தானும் கெடும், பக்கத்துப் பட்டையில் பேசுகிறவரையும் கெடுக்கும்.

ரப்பர் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடக்கும். களத்தை ஒட்டிய லயத்துக்காரர் நிதானமாக வருவார். கடைசி லயத்துக்காரர் இருட்டிலேயே நடையைக் கட்டியிருப்பார். கிராணி பேர் கூப்பிடும்போது இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். போன்களும் இப்படித்தான் தூரத்துக்குத் தக்கபடி முந்திக் கிளம்புகின்றன. ஆனால் லயத்து மனிதருக்குத் தன் வீடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரியும். போனுக்குத் தெரியாது.

அதனால் போன் முதலில் ஓர் அடையாள அலையை அனுப்புகிறது. அது எவ்வளவு பிந்தி வந்தது என்று கோபுரம் அளந்து, ‘இவ்வளவு முந்திக் கிளம்பு’ என்று ஓர் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. மூன்று கிலோமீட்டரில் இருக்கும் போன் 10 மைக்ரோ விநாடி முந்தினால் போதாது, 20 முந்த வேண்டும். கோபுரத்திலிருந்து வரும் அலையைக் கேட்டுத்தான் போன் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. அந்த அலையே 10 மைக்ரோ விநாடி பிந்தி வந்து சேர்ந்தது. ஆக, ‘இப்போது’ என்று போன் நினைக்கும் கணமே பழசு. வந்த தாமதம், போகும் தாமதம் இரண்டையும் சேர்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது.

2ஜி காலத்தில் இந்த முந்தல் எண் 0 முதல் 63 வரை இருந்தது. ஒரு படி ஏறக்குறைய 550 மீட்டர். ஆகவே 35 கிலோமீட்டருக்கு அப்பால், சிக்னல் எட்டினாலும், சாதாரணக் கோபுரத்தோடு பேச முடியாது. 4ஜியில் படி 78 மீட்டராகச் சுருங்கியது. மேலே சொன்ன 5ஜி பட்டைகளில் அது 39 மீட்டர். கோபுரத்தை விட்டு நேராக மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் விலகும் கார் இந்தத் தூரத்தை 1.3 விநாடியில் கடந்துவிடும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே திருத்தம் வந்துகொண்டே இருக்கிறது.

கோபுரம் ஒன்றாக இருக்கும்வரை இது போதும். கைத்தொலைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2020இல் முடித்த 16ஆம் பதிப்பு, ஒரு போன் இரண்டு இடங்களிலிருந்து தரவு வாங்க வழி செய்தது. சிக்கல் போன் திருப்பி அனுப்புவதில் இருக்கிறது. ஒரு கோபுரம் அரை கிலோமீட்டரிலும் இன்னொன்று மூன்று கிலோமீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டின் கடிகாரங்களும் செயற்கைக்கோள் நேரத்தைப் பிடித்து ஒன்றாகவே ஓடட்டும். அருகிலிருப்பதற்குப் பொருத்தமாகக் கிளம்பிய அலை தூரத்துக் கோபுரத்தை 8.3 மைக்ரோ விநாடி தாமதமாகத் தொடும். தாங்கும் அளவோ 2.3தான். தூரங்களுக்கிடையே 700 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால் ஒரே எண் இரண்டு கோபுரத்துக்கும் பொருந்தாது. கோபுரங்கள் நெருங்கி நிற்கும் நகரத்தைவிட, அவை தள்ளித் தள்ளி நிற்கும் தோட்டப்புறத்துக்கே இது பெரிய தடை என்பது என் கணிப்பு.

2024இல் முடிந்த 18ஆம் பதிப்பு இதற்கு விடை தந்தது. ஒரே போன், கோபுரத்துக்கு ஒன்றாக இரண்டு முந்தல் எண்களை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே திருத்தப்படும். ஆனால் இதிலிருந்து ஒரு புதுக் கணக்கும் பிறக்கிறது. அருகிலிருப்பதற்கு ஒரு பொழுதுத் துண்டு முழுக்க அனுப்பிவிட்டு, அடுத்த துண்டைத் தூரத்துக் கோபுரத்துக்கு அனுப்பவேண்டும் என்றால், முதல் துண்டு முடிவதற்கு 8.3 மைக்ரோ விநாடி முன்பே இரண்டாவது தொடங்கியாக வேண்டும். இரண்டையும் ஒருசேர அனுப்பும் திறன் போனுக்கு இல்லாவிட்டால், பின்னால் வரும் துண்டின் தலைப்பகுதி அந்த அளவுக்கு வெட்டப்படும். துண்டின் முழு நீளம் 500 மைக்ரோ விநாடி.