‘கனெக்டட்’... யாரைக் கேட்டு?

உங்க லேப்டாப் இதுவரைக்கும் எத்தனை வைஃபையோட பழகியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்? ஹாஸ்டல், லேப், மாமா வீடு, ஃப்ரெண்டோட மொபைல், விருதுநகர் ஜங்ஷன் பிளாட்பாரம், சிவகாசியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் போட்ட கடை... ‘ஒரு அஞ்சு, ஆறு இருக்கும் பாஸ்’ என்கிறவர்கள் அந்த லிஸ்ட்டைத் திறந்து பாருங்க. ஃபர்ஸ்ட் இயர்ல ஒரே ஒரு நாள் மாட்டின நெட்வொர்க்கூட உள்ளே உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் கொடுக்கும்!

நாம மறந்துடுவோம். கம்ப்யூட்டர் மறக்காது. பிரச்னையே அங்கேதான்.

லிஸ்ட் எங்கே இருக்கு?

விண்டோஸ் 11-ல் ‘செட்டிங்ஸ்’ போங்க. ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, அதுக்குள்ளே ‘வைஃபை’, அதுக்குள்ளே ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’. நீங்க சேவ் பண்ணின அத்தனை பெயரும் வரிசையா நிக்கும். விண்டோஸ் 7 காலத்தில் இது கன்ட்ரோல் பேனலில் இருந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அந்த ஜன்னலையே தூக்கிட்டாங்க. பழைய பெயரை அழிக்க, கறுப்புத் திரையில் ‘நெட்ஷ்’ என்று ஆரம்பிக்கிற கட்டளையை டைப் அடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் 8.1-ல் லிஸ்ட் திரும்பி வந்தது. ‘நெட்ஷ்’ இன்னைக்கும் வேலை செய்யும். உபுண்டு, மேக் வெச்சிருக்கிறவங்களும் வைஃபை செட்டிங்ஸுக்குள்ளே தேடினா இதே லிஸ்ட் கிடைக்கும்.

திறந்தாச்சா? இப்போ மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு: பெயரை மட்டும் பார்த்து ஏமாறும் லேப்டாப்

ஒரு நெட்வொர்க்கை சேவ் பண்ணும்போது ‘ரேஞ்சுக்குள் வந்தா தானா கனெக்ட் ஆகு’ என்று ஒரு டிக் இருக்கும். அதை யாரும் எடுக்கிறதில்லை. பாஸ்வேர்டு இல்லாத திறந்த வைஃபையில் லேப்டாப்புக்குத் தெரிஞ்ச அடையாளம் அந்தப் பெயர் மட்டும்தான். அதே பெயரில் வேற ஒருத்தர் தன் பையில் ஒரு குட்டிக் கருவியை வெச்சுக்கிட்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தா? ‘அட, நம்ம பழைய தோஸ்து’ என்று லேப்டாப் போய் ஒட்டிக்கும். உங்களை ஒரு வார்த்தை கேட்காது. இந்த வித்தைக்கு ‘ஈவில் ட்வின்’ என்று பெயர். கெட்ட இரட்டைப் பிறவி!

இது சினிமாக் கதை இல்லை. 2024-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் உள்நாட்டு விமானத்தில் சந்தேகமான வைஃபை ஒன்று தெரியுது என்று விமான ஊழியர்கள் புகார் கொடுத்தாங்க. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் இதே மாதிரி போலி வைஃபை விரிக்கப்பட்டதாகச் சொல்லி, ஒருவர் மேல் அந்நாட்டு போலீஸ் வழக்குப் போட்டது. உள்ளே போனவர்களிடம் இ-மெயில், சோஷியல் மீடியா பாஸ்வேர்டைக் கேட்கிற போலிப் பக்கம்தான் பொறி. இன்னைக்குப் பெரும்பாலான இணையதளங்கள் ‘ஹெச்டிடிபிஎஸ்’ பூட்டோட வருது. வழியில் ஒட்டுக்கேட்பது கஷ்டம். அதனால நம்ம கையாலேயே பாஸ்வேர்டை வாங்குறாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். ரெயில்டெல் நிறுவனத்தின் ‘ரயில்வயர்’ வைஃபை 2016-ல் மும்பை சென்ட்ரலில் ஆரம்பிச்சு, இப்போ நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களில் இருக்கு. அது கேட்பது மொபைல் நம்பரும் ஓடிபி-யும்தான். அந்தப் பெயரில் வந்து ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டா, அடுத்த செகண்ட் வைஃபையை ஆஃப் பண்ணுங்க.

செய்ய வேண்டியது சிம்பிள். திறந்த வைஃபை எல்லாத்துக்கும் அந்த டிக்கை எடுங்க. இனி போகாத இடம்னா ‘ஃபர்கெட்’. வெளியிடத்து நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்றே வைங்க. ‘பிரைவேட்’ என்று வெச்சா, அதே வைஃபையில் இருக்கிற மத்த கம்ப்யூட்டர்கள் கண்ணுக்கு உங்க மெஷின் தெரியும்.

ரெண்டு: பாஸ்வேர்டும் உள்ளேதான் இருக்கு

‘மாப்ள, லேப்டாப்பைக் குடு, ஒரு பிபிடி பார்த்துட்டுத் தர்றேன்’ என்கிறான் நண்பன். அட்மின் அக்கவுன்ட்டோட கொடுத்தா, நீங்க சேவ் பண்ணின வைஃபை பாஸ்வேர்டுகளை அவன் எழுத்து எழுத்தா படிக்க முடியும். விண்டோஸ் 11-ல் அதுக்கு ஒரு பட்டனே இருக்கு.

‘படிச்சா என்ன, கொஞ்சம் நெட்டு போகும், அவ்ளோதானே?’ அவ்ளோதான் இல்லை மக்கா. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்னால் ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. தேடிப்போன போலீஸ் நின்ற இடம் நவி மும்பையில் ஒரு வீடு. அந்த வீட்டு வைஃபை பூட்டில்லாமல் கிடந்தது. யாரோ வெளியிலிருந்து பயன்படுத்தியிருந்தாங்க. அடுத்த மாதம் வந்த இன்னொரு மெயிலுக்கு மும்பை மாட்டுங்காவில் ஒரு காலேஜின் வைஃபை. செப்டம்பரில் செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை. எவனோ அனுப்பினதுக்கு இவங்க பதில் சொல்ல வேண்டியதாச்சு. பாஸ்வேர்டு வெளியே போன வைஃபையும் கிட்டத்தட்ட பூட்டில்லாத வைஃபைதான்.

இப்போ யோசிங்க. தீபாவளி சீசனில் சொந்தக்காரங்க பட்டாசுக் கடையிலோ அச்சாபீஸிலோ உட்கார்ந்து பில் போடுறவங்க நம்மில் நிறைய பேர். கடை வைஃபை உங்க லேப்டாப்பில் சேவ் ஆகுது. அதே வைஃபையில்தான் பில்லிங் கம்ப்யூட்டர், ஆர்டர் லிஸ்ட், வங்கிக் கணக்கு பார்க்கிற போன் எல்லாம். சீசன் முடிஞ்சு அந்த லேப்டாப் ஹாஸ்டலுக்கு வந்து பத்து கை மாறுது. கடைச் சாவியை மேஜை மேலே போட்டுட்டுப் போற மாதிரிதானே இது? வேலை முடிஞ்ச அன்னைக்கே ‘ஃபர்கெட்’ கொடுங்க. நண்பனுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுன்ட் போட்டுக் கொடுங்க. லேப்டாப்பை விற்கப்போறீங்களா? ‘ரீசெட்’ பண்ணாம கை மாத்தாதீங்க.

மூணு: காணாமல் போகும் ஒண்ணரை ஜிபி

இது பர்ஸ் சம்பந்தப்பட்டது! மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டினீங்க. அசைன்மென்ட் ஆரம்பிக்கும் முன்னாலேயே ‘இன்றைய டேட்டா தீர்ந்தது’ என்று மெசேஜ். திருடன் யார்? ‘வைஃபை கிடைச்சிருச்சு’ என்று நினைச்சு விண்டோஸ் அப்டேட் இறக்கிக்கிட்டிருக்கும். லிஸ்ட்டில் உங்க போன் பெயரைத் தொட்டு ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதை ஆன் பண்ணுங்க. பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும், ஒன்டிரைவும் அடங்கி இருக்கும். ஆனா காலேஜ் வைஃபை கிடைக்கும்போது அப்டேட்டை மறக்காம முடிச்சிடணும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற மருந்தும் அதுக்குள்ளேதான் வருது.

மருந்து என்றதும் ஞாபகம் வருது. தேவைக்கு மேலே மருந்தை அறைக்குள் வைக்கக் கூடாது என்பது பட்டாசு ஆலைகளின் அரிச்சுவடிப் பாடம். சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்லுவார். அன்னைக்கு வேலைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே. லேப்டாப்புக்கும் அதே கணக்குதான். வீடு, ஹாஸ்டல், லேப், உங்க போன்... இந்த நாலு போதும். மிச்சத்தையெல்லாம் இன்னைக்கு ராத்திரியே காலி பண்ணுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அப்படியே அப்பாவோட கடைக் கம்ப்யூட்டரையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. அந்த லிஸ்ட் உங்களோடதை விட நீளமா இருக்கும்!