வெற்று மாத்திரையின் வேலை
(இளநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நடந்த மருத்துவ முகாமில் என் தந்தையாருக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்கள். மேல் அளவு 170. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை சுமந்துவிட்டு நேராக வந்து வரிசையில் நின்றவர் அவர். மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். அடுத்த மாதம் 148. டாக்டருக்கு மகிழ்ச்சி. வீட்டுக்கு வந்ததும் தந்தையார் சிரித்தார்: "மாத்திரைய நான் தொடவே இல்லியேல!"

அப்படியானால் குறைத்தது எது? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால் இத்தகைய வினாக்கள் என்னிடமே வரும். விடை தேடி நூலகத்துக்குப் போனேன்.

இரத்த அழுத்தம் நிலையான எண் அன்று. சுமை, ஓட்டம், வெள்ளைக் கோட்டைக் கண்ட பதற்றம் யாவும் அதை ஏற்றும். மிகுதியாகக் காட்டிய நாளில் பிடித்து வைத்தவரை மறுமுறை அளந்தால் பெரும்பாலும் சற்றுக் குறைந்தே இருக்கும். இடையில் அவர் எதை விழுங்கியிருந்தாலும் புகழ் அதற்குப் போய்விடும்! இக்குழப்பத்தைத் தீர்க்கவே ஆய்வாளர்கள் ஒரு பகுதியினர்க்கு மருந்தும், மறு பகுதியினர்க்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் தருகின்றனர். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் அமையும். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

இவ்வரலாற்றில் நம் நாட்டுச் செடியொன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அதிலிருந்து ரிசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரைஸ் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில் தரப்பட்ட மூன்று மருந்துகளுள் அதுவும் ஒன்று.

வேதியியல் மாணவர்கள் இதைக் கேளுங்கள். ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் முன், மாத்திரையை ஒழுங்காக உண்பவர் யார் என அறிய, ரைபோஃப்ளேவின் கலந்த வெற்று மாத்திரையைக் கொடுத்தார்கள். உண்டவரின் சிறுநீர் புறஊதா ஒளியில் ஒளிரும். மிஞ்சிய மாத்திரைகளையும் எண்ணினார்கள். என் தந்தையார் அங்கேயே பிடிபட்டிருப்பார்.

முடிவு 1967-இல் வெளிவந்தது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த ஆண்கள் 143 பேர். மருந்து உண்ட 73 பேரில் கடுமையான பாதிப்பு இருவர்க்கே. வெற்று மாத்திரை உண்ட 70 பேரில் 27 பேருக்கு. இறந்த நால்வரும் வெற்று மாத்திரைக் குழுவினரே. ஆய்வின் அப்பகுதியை முன்கூட்டியே நிறுத்திவிட்டனர்.

அந்த 27 பேரை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அழுத்தத்தைக் குறைப்பதால் நன்மை உண்டா என்று மருத்துவர்களே ஐயுற்ற காலம் அது. இன்று அவ்வளவு உயர்ந்த அழுத்தமுடையோரை வெறும் மாத்திரையில் நீண்டநாள் விட்டுவைப்பது முறையாகாது; புது மருந்தைப் பழைய மருந்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மிதமான அழுத்தத்தின் கதை வேறு. பிரிட்டனில் 17,354 பேரைக் கொண்டு நடந்து 1985-இல் வெளிவந்த ஆய்வில், வெற்று மாத்திரைக் குழுவிலும் அழுத்தம் இறங்கியது, எங்கள் வீட்டில் இறங்கியதைப் போலவே. எனினும் பக்கவாதம் மருந்துக் குழுவில் 60 பேருக்கு, மற்றதில் 109 பேருக்கு. மொத்த இறப்பில் பெரிய வேறுபாடில்லை.

இவற்றை இரவு திண்ணையில் சொன்னேன். தந்தையார் 148 என்ற எண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த எழுவது பேருக்கும் வீட்ல சொல்லுததுக்கு ஆளு இல்லியோ?" என்று மட்டும் கேட்டார். மறுவாரம் அரசு மருத்துவமனையில் மூன்று நாள், ஓய்வாக உட்காரவைத்து அளந்தோம். 150-க்குக் கீழே இறங்கவில்லை. இப்போது மாத்திரை அட்டையை அம்மா தினமும் எண்ணிப் பார்க்கிறார்கள்.