பனிக்காலத்தில் ஏன் பொங்கல்?
பண்டிகை நாட்களைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாய்க் கற்பித்தல்

புலம்பெயர்ந்து வாழும் எமது பிள்ளைகள் ஓராண்டில் கொண்டாடும் நாட்களை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நவராத்திரி, தீபாவளி, நத்தார், உயிர்த்த ஞாயிறு என வீட்டிலும் ஆலயத்திலும் பல. நன்றி நவிலல் நாள், ஹலோவீன், கனடா தினம் எனப் பள்ளியிலும் அயலிலும் பல. புத்தாடையும் பலகாரமும் பரிசும் குறைவின்றிக் கிடைக்கின்றன. ஆயினும், “இந்த நாள் ஏன் இன்று வந்தது?” என்று பிள்ளை கேட்டால் விடை கூறத்தக்க பெற்றோர் எம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வி என்னையும் ஒருநாள் தடுமாற வைத்தது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், தைப்பொங்கல் காலை. தொடர்மாடிக் குடியிருப்பின் சமையலறையில் மின்னடுப்பில் பானை வைத்திருந்தோம். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் மகள் கேட்டாள்: “அப்பா, வெளியிலை பனி கொட்டுது. சூரியனையே காணேல்லை. பிறகேன் சூரியனுக்குப் பொங்குறம்?” என்னிடம் விடை இருக்கவில்லை. “கேள்வி கேளாமல் கும்பிடு” என்றேன். அவள் கும்பிட்டாள், ஆனால் அதன் பின்னர் பல ஆண்டுகளாகப் பொங்கலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மௌனமே என்னைச் சுட்டது. கேள்வி நின்றுபோன இடத்தில் ஆர்வமும் நின்றுவிடும் என்பதை அன்று நான் அறியவில்லை.

எமது பண்டிகைகள் காரணமின்றி வருபவை அல்ல. ஒவ்வொன்றும் வானத்தையும் நிலத்தையும் நோக்கி வருகின்றது. அக்காரணத்தைப் பிள்ளைகள் தாமே கண்டறியுமாறு செய்வதே சிறந்த கற்பித்தல் ஆகும். அதற்கு உதவும் எளிய விளையாட்டுகள் சிலவற்றை இங்கு விளக்குகின்றேன். செலவு மிகச் சிறிது. வேண்டியவை பொறுமையும் ஒரு குறிப்புப் புத்தகமுமே.

1. நிழல் அளக்கும் விளையாட்டு

தெற்கு நோக்கிய யன்னலருகே ஒரு மேசையை இடுங்கள். பத்துச் சென்ரிமீற்றர் உயரமுள்ள குச்சி ஒன்றைக் களிமண்ணில் நிமிர்த்தி நாட்டி, கீழே வெள்ளைத் தாளை விரியுங்கள். வாரம் ஒருமுறை, நண்பகலில், குச்சியின் நிழல் முடியும் இடத்தைப் பிள்ளை பென்சிலால் குறித்துத் திகதியை எழுதட்டும். ரொறன்ரோவில் நிழல் மிகக் குறுகும் வேளை, ஒக்ரோபர் நடுவில் பிற்பகல் ஒரு மணியளவிலும், கடிகாரத்தைப் பின்னே திருப்பிய பின்னர், டிசெம்பரில் பன்னிரண்டே கால் மணியளவிலும் அமையும். மேகம் மூடிய நாளில் “மேகம்” என்று எழுதினாலே போதும்.

ஒக்ரோபர் நடுப்பகுதியில் நிழல் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் இருக்கும். வாரந்தோறும் அது நீண்டு, டிசெம்பர் 21ஆம் திகதியளவில் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றரை எட்டும். அதன் பின் திரும்பும். தைப்பொங்கலன்று அளந்தால் ஏறத்தாழ 21½ சென்ரிமீற்றரே இருக்கும். நிழல் குறுகினால் சூரியன் வானில் உயர்கின்றது என்பது பொருள். பனி கொட்டினாலும், குளிர் நடுக்கினாலும், சூரியன் திரும்பி வந்துகொண்டிருக்கின்றது! தம் கையாலேயே இதை அளந்த பிள்ளைக்கு, ‘உத்தராயணம்’ என்ற சொல்லின் பொருளைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இதே குச்சியை டிசெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நாட்டினால் நண்பகல் நிழல் 6½ சென்ரிமீற்றர் அளவே இருக்கும். அங்குள்ள மைத்துனர்களுடன் தொலைபேசியில் பேசி, அதே நாளில் இரு இடங்களிலும் அளந்து ஒப்பிடுவது பிள்ளைகளுக்குப் பெரு மகிழ்ச்சி தரும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே கூடுதல். ரொறன்ரோவிலோ அது ஏறத்தாழ ஆறரை மணித்தியாலம். ஆகவே சூரியனின் வரவை எண்ணி மகிழ யாழ்ப்பாணத்து உழவனுக்கு உள்ள காரணத்திலும் இந்த நாட்டில் வாழும் எமக்கு உள்ள காரணம் சிறிதன்று. என் மகளுக்கு அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே.

கூர்மையான பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும்: “நிழல் டிசெம்பர் 21இலேயே திரும்பிவிட்டதே, பொங்கல் ஏன் ஜனவரி 14இல் அல்லது 15இல் வருகின்றது?” நல்ல கேள்வி. எமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களின் பின்னணியில் சூரியன் மகர ராசியில் நுழைவதைக் கணக்கிடுகின்றது. நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டு, பருவங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டிலும் ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. இந்த நிமிடங்கள் சேர்ந்து ஏறத்தாழ 72 ஆண்டுகளில் ஒரு நாளாகின்றன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன; இன்று 24 நாட்கள் விலகியுள்ளன. பெரிய வகுப்பு மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

2. பிறை நாட்குறிப்பு

நவராத்திரி தொடங்கும் நாளிலிருந்து தீபாவளி வரை ஏறத்தாழ 29 நாட்கள். நிலவு ஒருமுறை வளர்ந்து தேய்வதற்கு எடுக்கும் காலமும் அதுவே. ஒரு தாளில் 30 வட்டங்களை வரைந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். நிலவு தெரியும் நாளெல்லாம் அது எவ்வடிவில் இருந்ததோ அவ்வாறே பிள்ளை வட்டத்துக்கு மஞ்சள் நிறம் தீட்டட்டும். நவராத்திரியின் முதல் நாட்களில் மாலை வேளையில் மேற்கே மெல்லிய பிறை, விசயதசமியளவில் பாதிக்கு மேல் நிறைந்த நிலவு, பின் முழுநிலவு, பின் தேய்பிறை. தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்னர், விடியற்காலையில் கிழக்கே நூல் போன்ற பிறை தெரியும். பின் அதுவும் மறைந்துவிடும்.

நிலவில்லாத அந்த இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையின் கையால் ஓர் அகல்விளக்கை ஏற்றச் செய்யுங்கள். இருளைப் பார்த்த பின்னரே ஒளியின் அருமை தெரியும். கார்த்திகை மாதம் விளக்கீடு வரும்போது மீண்டும் வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அன்று முழுநிலவு! ஒரு விளக்கு இருளுக்கு. மற்றொன்று நிலவோடு சேர்ந்து ஒளிர்வதற்கு. இவ்வேறுபாட்டைப் பிள்ளை தானே கண்டுபிடித்துக் கூறும்வரை காத்திருங்கள்.

வளர்பிறை, தேய்பிறை, அமாவாசை, பௌர்ணமி என்னும் சொற்களை மனனம் செய்யும் தேவை இவ்விளையாட்டில் இல்லை. கண்டதைக் கூறும்போது சொல் தானே நாவில் அமரும்.

3. நான்கு தட்டு விளையாட்டு

இது வகுப்பறைக்கு ஏற்றது. பண்டிகைப் பெயர்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதுங்கள். நான்கு தட்டுகளை வைத்து, “எதைப் பார்த்து இந்த நாள் வருகின்றது?” என்று கேட்டு, சீட்டை உரிய தட்டில் இடச் சொல்லுங்கள்.

முதலாவது தட்டு சூரியன். தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் இதில் சேரும். எனவேதான் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே திகதியில் அவை வருகின்றன.

இரண்டாவது தட்டு சந்திரன். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இதில் சேரும். பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்களே உள்ளமையால் இவை ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன.

மூன்றாவது தட்டு சூரியனும் சந்திரனும் சேர்ந்தது. சரஸ்வதி பூசை, தீபாவளி, தைப்பூசம், சீனப் புத்தாண்டு ஆகியவை இதில் அடங்கும். உயிர்த்த ஞாயிறும் இத்தட்டுக்கே உரியது. மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு அது என்பது மேலைத் திருச்சபைகளின் கணக்கு. இந்த நாட்கள் முன்னும் பின்னும் அசைந்தாலும் தம் பருவத்தை விட்டு அகல்வதில்லை.

நான்காவது தட்டு, திகதியையோ கிழமையையோ கொண்டு மனிதர் வகுத்தவை. டிசெம்பர் 25 நத்தார், ஜூலை 1 கனடா தினம், நவம்பர் 11 நினைவு நாள், ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள் என்பன இத்தட்டில் விழும்.

இந்த விளையாட்டில் சைவப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் இஸ்லாமியப் பிள்ளையும் தத்தம் சீட்டைப் பெருமையுடன் எடுத்து வைப்பதைக் காணலாம். தம் பண்டிகையை அறிந்த பிள்ளை பிறர் பண்டிகையையும் மதிக்கும்.

4. இரண்டு அறுவடைகள்

“பொங்கல் எங்கள் நன்றி நவிலல் நாள்” என்று பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகின்றோம். ஒப்புமை சரியே, அத்துடன் நிறுத்துவதே குறை. இரண்டும் அறுவடை நாட்கள் எனில், ஒன்று ஒக்ரோபரிலும் மற்றொன்று ஜனவரியிலும் வருவானேன்?

கனடாவில் உறைபனி பயிரை அழிப்பதற்கு முன்னர் விளைச்சலை வீடு சேர்த்தாக வேண்டும். ஆகவே இங்கு அறுவடை இலையுதிர் காலத்துக்கு உரியது. நன்றி நவிலல் நாளை ஒக்ரோபர் இரண்டாம் திங்களில் கொண்டாடுவதெனக் கனடியப் பாராளுமன்றம் 1957இல் வரையறுத்தது. எமது வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கும் காலபோக நெல், தை மாதத்தையொட்டி முற்றத் தொடங்கும். அங்கு நெல்லுக்கு அஞ்ச வேண்டியது பனியன்று, மழை பொய்ப்பதே. தைப்பூசத்தன்று புதிய நெற்கதிரை வீட்டுக்குக் கொணர்ந்து ‘புதிர் எடுக்கும்’ வழக்கமும் இந்த அறுவடையை ஒட்டியதே.

ஒக்ரோபரில் பிள்ளைகளைப் பண்ணை ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் தெரிந்தெடுத்த பூசணிக்காயில் ஹலோவீனுக்கு முகம் செதுக்குவதோடு, ஒரு துண்டில் கறியும் சமையுங்கள். விதைகளைக் காயவைத்து எடுத்து வையுங்கள். தை பிறக்கும்போது அவற்றையும் ஒரு பிடி நெல்லையும் அருகருகே வைத்து, “இவ்விரண்டையும் விளைவித்த சூரியன் எத்தனை?” என்று கேளுங்கள்.

5. பொங்கலன்று பிள்ளையின் கையில் அகப்பை

பொங்கலன்று பெரியோர் பொங்கப் பிள்ளைகள் பார்த்திருப்பதே பல வீடுகளில் வழக்கம். இதை மாற்றுங்கள். ஒரு சுண்டு பச்சையரிசி, கால் சுண்டு வறுத்த பயறு எனப் பிள்ளையே அளக்கட்டும். கோலத்துக்குப் புள்ளிகளைப் பிள்ளையே எண்ணி இடட்டும். பால் பொங்கி எழும்போது “பொங்கலோ பொங்கல்” என்று முதலில் கூவும் உரிமையையும் வீட்டின் இளையவருக்கே கொடுங்கள். சூடான பானையை மட்டும் பெரியோர் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முதல்நாள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ மூன்று கேள்விகளைப் பிள்ளை கேட்டு எழுதட்டும்: “உங்கள் ஊரில் பொங்கல் எங்கே பொங்கினீர்கள்? அரிசி எங்கிருந்து வந்தது? முதற்பங்கு யாருக்குக் கொடுத்தீர்கள்?” முற்றமும் வயலும் மாட்டுத்தொழுவமும் அந்த விடைகளில் இருக்கும். அவற்றை நேரில் கண்டவர்கள் எம்மிடையே நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். இக்கேள்விகளை ஒத்திவைக்க எமக்கு அதிக காலமில்லை.

மாணவச் செல்வங்களுக்கு இரு விடுகதைகள்:

காலையில் நெடியவன், நண்பகலில் குள்ளன், மாலையில் மீண்டும் நெடியவன். மிதித்தாலும் அழமாட்டான். அவன் யார்?

பாதி மாதம் பருத்திடுவான், பாதி மாதம் மெலிந்திடுவான். நோயும் இல்லை, மருந்தும் இல்லை. அவன் யார்?

(விடைகள் இக்கட்டுரையிலேயே உள்ளன. தேடிக் கண்டுபிடியுங்கள்!)

நிறைவாக

ஒன்ராறியோ மாகாணம் 2014இலும், கனடியப் பாராளுமன்றம் 2016இலும் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டன. ஆகவே தை மாதத்தில் எமது பிள்ளைகளிடம் ஆசிரியரும் தோழரும் “பொங்கல் என்றால் என்ன?” என்று கேட்கக்கூடும். “அம்மா சமைப்பார், நாங்கள் உண்போம்” என்பது அவர்கள் விடையாகலாம். “சூரியன் திரும்பி வருவதை நானே அளந்தேன்” என்பதும் விடையாகலாம். எது அமையும் என்பது இல்லங்களில் நாம் செய்யும் சிறு முயற்சிகளைப் பொறுத்தது.

என் மகள் இன்று ஒரு தாய். சென்ற ஆண்டு பொங்கலன்று பேரன் யன்னலருகே நின்று அதே கேள்வியைக் கேட்டான். இம்முறை நான் அவனைக் கும்பிடச் சொல்லவில்லை. ஒரு குச்சியையும் வெள்ளைத் தாளையும் எடுத்து வந்தேன். பனி ஓயும்வரை இருவரும் காத்திருந்தோம். வெயில் எட்டிப் பார்த்ததும், முதலாவது புள்ளியை அவன் இட்டான். அவனுடைய தாய் அருகில் வந்து திகதியை எழுதினாள்.