பந்தைத் தொடாமல் ஒரு கால்பந்து!

மைதானம் வேண்டாம், பந்து வேண்டாம், காலில் ஷூ கூட வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும், நீங்களும் ஒரு கால்பந்து அணிக்கு முதலாளி! என்ன குட்டீஸ், நம்ப முடியவில்லையா? அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் ஆடும் விளையாட்டு இது. 'பேன்டசி புட்பால்' என்று பெயர். கற்பனைக் கால்பந்து என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓடுவார்கள், தூக்கி எறிவார்கள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போய்விட்டால், அது 'டச் டவுன்'. காலால் உதைப்பது எப்போதாவது தான். பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள், அது தனிக்கதை!

கற்பனைக் கால்பந்தை எப்படி ஆடுவது? நிஜ அணிகளில் ஆடும் வீரர்களை, நீங்களும் நண்பர்களும் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் சாதிப்பதற்கு ஏற்ப, உங்கள் அணிக்குப் புள்ளி சேரும். தெருவில் இரண்டு அணியாகப் பிரியும்போது, 'எனக்கு இவன், உனக்கு அவன்' என்று ஆள் பிரிப்பீர்களே, கிட்டத்தட்ட அது மாதிரி தான். ஒரே வித்தியாசம்... இங்கே தேர்ந்தெடுக்கப்படும் வீரருக்கு, தான் யாருடைய அணியில் இருக்கிறோம் என்பதே தெரியாது!

இது பிறந்தது, 1962ல். கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஓக்லாண்ட் நகரில் அப்போது இருந்த அணி, 'ஓக்லாண்ட் ரெய்டர்ஸ்'. அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் 13ல் தோற்றது. பாவம், அதன் பங்குதாரர்களில் ஒருவரான வில்பிரட் விங்கன்பாக்கிற்கு எப்படி இருந்திருக்கும்! அணியோடு நியூயார்க் போயிருந்தபோது, ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, அணியின் செய்தித் தொடர்பாளர் ஒருவரோடும், பத்திரிகை நிருபர் ஒருவரோடும் பேசிப் பேசி, இந்த விளையாட்டுக்கு விதிகளை எழுதினார். நிஜ அணி தோற்றால் என்ன, கற்பனை அணியாவது ஜெயிக்கட்டுமே!

அடுத்த ஆண்டு, 1963ல், அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் எட்டு அணிகள் கூடின. முதல் ஆளாக யாரை எடுத்தார்கள் தெரியுமா? ஹூஸ்டன் நகர அணியின் ஜார்ஜ் பிளாண்டாவை. 1961ல், 36 டச் டவுன்களுக்குப் பந்தை எறிந்து கொடுத்தவர் அவர். அதோடு, பந்தை உதைத்தும் புள்ளி எடுப்பார். ஒரே ஆளிடம் இரண்டு வழியில் வருமானம்! ஆனால், 1962ல் அவர் எறிந்த பந்துகளில் 42ஐ எதிரணியினர் பிடித்துக் கொண்டதும் உண்டு. அதற்கும் துணிந்து தான் எடுத்தார்கள்.

கடைசி இடம் பிடித்தவருக்கும் ஒரு கோப்பை உண்டு. முட்டாள் தொப்பி அணிந்த பந்து முகம், மரத்தால் ஆனது. யார் வீட்டு அலமாரியில் அதை ஆசையாக வைப்பார்கள்?

சரி, யார் கணக்குப் போடுவது? இங்கே தான் கஷ்டமே. ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். 1970லிருந்து திங்கள் இரவும் ஓர் ஆட்டம் சேர்ந்து கொண்டது. கணக்குப் பிள்ளையாக இருப்பவர் செவ்வாய்க்கிழமை பத்திரிகை வரும் வரை காத்திருந்து, பொடி எழுத்து அட்டவணையில் ஒவ்வொரு வீரராகத் தேடிக் கூட்ட வேண்டும். பத்து கெஜ தூரம் ஓடினால் ஒரு புள்ளி, டச் டவுனுக்கு ஆறு என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் வீரர் 83 கெஜம் ஓடி, இரண்டு டச் டவுனும் எடுத்தால்? எட்டும் பன்னிரண்டும் இருபது. இப்படி எல்லா அணிகளுக்கும், வாரம் தவறாமல்! இரவு ஆட்டம் தாமதமாக முடிந்தால், காலைப் பத்திரிகையில் விவரமே இருக்காது. எனக்கென்னவோ, அந்தக் கணக்குப் பிள்ளைக்குத் தான் கோப்பை கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அவருடைய வேலையைப் பறித்தது, இணையம். 1997ல், சி.பி.எஸ்., நிறுவனத்தின் இணையதளம் இந்த விளையாட்டைக் கொண்டு வந்தது. 1999ல் யாகூ, இலவசமாகவே கொடுத்தது. கூட்டல், கழித்தல் எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக் கொண்டது. வீரர் ஓடி முடிப்பதற்குள் திரையில் புள்ளி ஏறியது. ஆட்டம் தொடங்க 90 நிமிடங்களுக்கு முன், யார் ஆட மாட்டார்கள் என்ற பட்டியல் வெளியாகும். அதைப் பார்த்துக் கடைசி நேரத்தில் ஆளை மாற்றிக் கொள்ளலாம். கீழ்த்தளத்தில் கூட வேண்டியதில்லை. முகம் தெரியாதவரோடும் போட்டி போடலாம்.

டிவி பார்க்கும் பழக்கமே மாறிப் போனது. முன்பெல்லாம் தங்கள் ஊர் அணி ஆடுவதைப் பார்ப்பார்கள். இப்போது ஒரே நேரத்தில் நடக்கும் பத்து ஆட்டங்களிலும் தங்கள் வீரர் யாராவது இருப்பாரே! அதனால், எங்கே புள்ளி விழப் போகிறதோ அங்கே தாவித் தாவிக் காட்டும், 'ரெட் ஸோன்' என்ற சேனலே, 2009ல் வந்துவிட்டது.

நாம் ஆடும் கால்பந்துக்கும் இப்படி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டிகளை வைத்து இணையத்தில் ஆடுவது. 2019 டிசம்பரில், 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிய அந்தப் போட்டியில் முதலிடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? செஸ் வீரர் மேக்னஸ் கார்ல்சன்! 2013ல் சென்னைக்கு வந்து, நம்ம விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலக சாம்பியன் ஆனாரே, அவரே தான்.

பணம் கட்டி ஆடும் தளங்களும் முளைத்தன. பலர் பணத்தை இழந்தனர். நம் நாட்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, 2025ல் ஒரு சட்டமே போட்டுத் தடை செய்து விட்டனர்.

ஆனால், எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் வேறொன்று. 1963ல் பிளாண்டா சரியாக ஆடாவிட்டால், அந்தக் கீழ்த்தளத்தில் தலையில் அடித்துக் கொண்டிருப்பார்கள். அவர் காதுக்கு அது போய்ச் சேராது. இப்போது? புள்ளி நொடியில் உங்களிடம் வருவது போலவே, உங்கள் கோபமும் நொடியில் வீரரிடம் போய்விடுகிறது.

அதே ஹூஸ்டன் நகரில், 2011ல், ஏரியன் பாஸ்டர் என்ற வீரர் இருந்தார். பிரமாதமாக ஓடுவார். பல்லாயிரம் பேரின் கற்பனை அணியில் அவர் தான் நம்பிக்கை நட்சத்திரம். அந்த ஆண்டுப் போட்டிகள் தொடங்கும் முன், அவருக்குத் தொடையின் பின்பக்கத் தசையில் அடிபட்டது. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று விசாரித்தவர்கள் உண்டு. 'ஐயோ, என் அணி என்ன ஆவது?' என்று கவலைப்பட்டவர்களும் ஏராளம். பாஸ்டர், ட்விட்டரில் பதில் எழுதினார். உண்மையான அக்கறையோடு கேட்டவர்களுக்கு, நன்றாக இருப்பதாகச் சொன்னார். கற்பனை அணியை நினைத்துக் கவலைப்பட்டவர்களையோ, மனநோயாளிகள் என்கிற அளவுக்குச் சாடி விட்டார்.

வலித்தது அவருடைய கால் அல்லவா?

காயம் ஆறி, அந்த ஆண்டு 13 ஆட்டங்களில் ஆடினார் பாஸ்டர். ஓடிய தூரம், 1,224 கெஜம்.